ஒரே மெயில் காலையில் போகிறது, மதியம் ஸ்பேம் என்று திரும்புகிறது: எங்கே தேடுவது?

(இணைய மன்றக் கேள்வி-பதில். ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

பின்னிரவு:

விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்) ஒன்றில் மெயில் அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸும், மெயிலில் கையொப்பமிடும் ஓப்பன்டிகிம்மும் ஓடுகின்றன. அதிலிருந்து ஒரு ஆப் மூன்று வகை மெயில் அனுப்புகிறது: பாஸ்வேர்டு மாற்றும் லிங்க், ஆர்டர் இன்வாய்ஸ், வெப்சைட்டின் தொடர்புப் படிவத்தில் யாராவது எழுதினால் அதன் நகல். விளம்பரம் எதுவும் கிடையாது. நாளுக்கு 300, 400 மெயில்தான்.

பத்து அனுப்பினால் மூன்று நான்கு உடனே பவுன்ஸ் ஆகின்றன, அதாவது திரும்பி வருகின்றன. குழப்புவது என்னவென்றால், ஒரே ஆளுக்கு அதே பாஸ்வேர்டு மெயில் காலையில் போய்ச் சேருகிறது, மதியம் 550 5.7.1 என்று திரும்பி வருகிறது. கேட்காமல் அனுப்பிய மெயில் போலத் தெரிகிறது என்ற பொருளில் ஒரு வரி கூடவே வருகிறது. இன்வாய்ஸில் இது இன்னும் அதிகம்.

எஸ்பிஎஃப் (எந்த ஐபிகள் என் டொமைன் பெயரில் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகிம் (மெயிலில் இடும் டிஜிட்டல் கையொப்பம்), டிமார்க் (இவற்றில் ஒன்றுகூட ஃப்ரம் டொமைனுக்குப் பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்ற அறிவிப்பு) மூன்றும் போட்டாச்சு. டிமார்க்கில் பி=ரிஜெக்ட், அதாவது தோற்றால் மறுத்துவிடு. சர்வரின் ஐபி 203.0.113.25 என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு பிடிஆர் (ஐபியிலிருந்து பெயரைக் காட்டும் டிஎன்எஸ் பதிவு) இருக்கிறது, பிளாக்லிஸ்ட் எதிலும் இல்லை. சப்ஜெக்டிலிருந்து 'அவசரம்' என்ற சொல்லை எடுத்தேன், லோகோவை எடுத்தேன், லிங்குகளைக் குறைத்தேன். ஒரு மாற்றமும் இல்லை.

இதில் சேராத ஒன்றும் உண்டு. ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்தின் சர்வர் மட்டும் எதை அனுப்பினாலும் மறுக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

நேர்கோடு:

முதலில் சொற்களை மாற்றுவதை நிறுத்துங்கள். எஸ்எம்டிபி உரையாடலிலேயே, அதாவது இரண்டு மெயில் சர்வர்களும் பேசிக்கொள்ளும்போதே, 5.7-இல் தொடங்கும் பிழைக் கோடு வந்தால், அது பாதுகாப்பு அல்லது பாலிசி சார்ந்த மறுப்பு. பக்கத்தில் 'ஸ்பேம்' என்று எழுதியிருந்தாலும், 'நீ யார் என்று எனக்கு உறுதியாகவில்லை' என்பதுதான் பெரும்பாலும் அதன் அர்த்தம். 'அவசரம்' என்ற ஒரு சொல்லுக்காக மெயிலை வாசலிலேயே திருப்பும் சர்வர் அரிது. அந்த மாதிரி விஷயத்துக்கு ஸ்பேம் ஃபோல்டரில் போடுவார்கள்.

காலையில் போய் மதியம் திரும்புகிறது என்றால், அந்த இரண்டு நேரத்துக்கும் இடையில் மாறியது எது என்று கேட்க வேண்டும். உள்ளடக்கம் மாறவில்லை. அப்படியானால் போன வழி மாறியிருக்க வேண்டும். மெயில் லாகைத் திறந்து, ஸ்டேட்டஸ்=சென்ட் வரிகளையும் ஸ்டேட்டஸ்=பவுன்ஸ்டு வரிகளையும் தனித்தனியாக எடுங்கள். ஒவ்வொரு வரியிலும் 'ரிலே=' என்ற பகுதிக்குப் பின் எதிர் சர்வரின் பெயரும் சதுர அடைப்புக்குறிக்குள் அதன் ஐபியும் இருக்கும். போன மெயில்களில் நான்கு எண்கள் கொண்ட முகவரியும், திரும்பியவற்றில் முக்காற்புள்ளிகள் நிறைந்த நீள முகவரியும் இருந்தால் விடை கிடைத்துவிட்டது: திரும்பியவை எல்லாம் ஐபிவி6 வழியாகப் போனவை.

பல விபிஎஸ்களில் ஐபிவி6 முகவரி கேட்காமலே வந்துவிடும். போஸ்ட்ஃபிக்ஸில் எஸ்எம்டிபி_அட்ரஸ்_ப்ரிஃபரன்ஸ் என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு 'எனி'. எதிர் சர்வருக்கு இரண்டு வகை முகவரியும் இருந்தால் அது மாற்றி மாற்றி எடுக்கும். உங்கள் பிடிஆர் ஐபிவி4-க்கு மட்டும்தான். எஸ்பிஎஃப்பிலும் ஐபி4 மட்டும் இருக்கும் என்று நினைக்கிறேன். ஐபிவி6-இல் பிடிஆர் இல்லாமல் வருபவரைப் பெரிய மெயில் சேவைகள் உள்ளே விடுவதில்லை.

இதற்கு இரண்டு வழி. ஐபிவி6 தேவையில்லை என்றால் போஸ்ட்ஃபிக்ஸின் அமைப்புக் கோப்பான மெயின்.சிஎஃப்பில் ஐநெட்_புரோட்டோகால்ஸ் = ஐபிவி4 என்று மாற்றுங்கள். மாற்றியபின் ரீலோடு போதாது, போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டும். இதைத் தவறவிட்டுவிட்டு 'மாற்றியும் வேலை செய்யவில்லை' என்று சொல்பவர்கள் நிறைய. ஐபிவி6 வேண்டும் என்றால், அந்த முகவரிக்கும் ஹோஸ்டிங் பேனலில் பிடிஆர் போட்டு, அந்தப் பெயருக்கு ஏஏஏஏ ரெக்கார்டு (பெயரின் ஐபிவி6 முகவரியைச் சொல்லும் பதிவு) போட்டு, எஸ்பிஎஃப்பில் ஐபி6-ஐயும் சேருங்கள். பிடிஆரை உங்கள் டொமைனின் டிஎன்எஸ்ஸில் எழுதிப் பயனில்லை. அந்த ஐபி யாருடையதோ அவர்கள்தான் வைக்க முடியும்.

அதே கையோடு இன்னும் இரண்டைப் பாருங்கள்.

ஹெலோ பெயர், அதாவது உங்கள் சர்வர் எதிர் சர்வரிடம் தன்னை அறிமுகப்படுத்தும் பெயர். போஸ்ட்கான்ஃப் கட்டளையில் மைஹோஸ்ட்நேம் என்ன சொல்கிறது? லோக்கல்டொமைன் என்று முடிந்தால் மாற்றுங்கள். ஹெலோவில் சொல்லும் பெயர், அந்தப் பெயரின் ஐபியைச் சொல்லும் ஏ ரெக்கார்டு, அந்த ஐபியின் பிடிஆர் ஆகிய மூன்றும் ஒரு வட்டமாக ஒன்றையொன்று காட்ட வேண்டும்.

என்வலப் முகவரி, அதாவது மெயில் பவுன்ஸ் ஆனால் போய்ச் சேரும் முகவரி. வந்து சேர்ந்த ஒரு மெயிலின் மூலத்தைத் திறந்து ரிட்டர்ன்-பாத் ஹெடரைப் பாருங்கள். ஆப் பிஎச்பியின் மெயில் ஃபங்ஷனை நேரடியாகப் பயன்படுத்தினால் அங்கே டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்று தொடங்கி, ஹோஸ்டிங்காரர் கொடுத்த சர்வர் பெயரில் முடியும் முகவரி இருக்கும். எஸ்பிஎஃப் சோதிப்பது இந்த முகவரியின் டொமைனைத்தான், ஃப்ரம் வரியை அல்ல. எஸ்பிஎஃப் பாஸ் ஆனாலும் டொமைன் வேறாக இருந்தால் டிமார்க் அதைக் கணக்கில் எடுக்காது. ஐந்தாவது ஆர்க்யுமென்ட்டில் '-எஃப்' போட்டு, உங்கள் டொமைனில் உண்மையில் இயங்கும் ஒரு பவுன்ஸ் முகவரியைக் கொடுங்கள். பவுன்ஸ்களை யாராவது படிக்கவும் வேண்டும்.

பின்னிரவு:

ரொம்ப நன்றி, நீங்கள் சொன்னது அப்படியே இருந்தது. திரும்பிய பாஸ்வேர்டு மெயில்கள் அத்தனையும் ஐபிவி6. ஐபிவி4 மட்டும் என்று மாற்றி ரீஸ்டார்ட் செய்தேன், அதற்குப்பின் ஒன்றுகூடத் திரும்பவில்லை. ஹெலோ பெயர் சரியாகத்தான் இருந்தது. ரிட்டர்ன்-பாத் நீங்கள் சொன்னபடி டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டாவேதான். அதை மாற்ற ஆப்பின் நிரலைத் தொட வேண்டும், இன்னும் செய்யவில்லை.

இன்வாய்ஸ் மட்டும் இன்னும் திரும்புகிறது. எல்லாம் அல்ல. ஒன்றிரண்டு பொருள் வாங்கியவர்களுக்குப் போய்விடுகிறது, பட்டியல் நீளமானால் திரும்புகிறது. இப்போது வரும் கோடு 550 5.7.26. படிவ மெயில்களிலும் அதே கோடு. ஆங்கிலத்தில் 'டெஸ்ட்' என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் எல்லா இடத்திலும் டிகிம் பாஸ்.

தறி:

5.7.26 என்பது 'ஒன்றுக்கு மேற்பட்ட அடையாளச் சோதனைகள் தோற்றன' என்பதற்கு 2014-இல் ஆர்எஃப்சி 7372 என்ற இணையத் தரநிலை ஆவணம் கொடுத்த எண். ரிட்டர்ன்-பாத் வேறு டொமைனில் இருப்பதால் எஸ்பிஎஃப் உங்களுக்கு ஏற்கெனவே உதவவில்லை. டிமார்க் முழுக்க டிகிம் ஒற்றைக்காலில் நிற்கிறது. அந்தக் காலும் இன்வாய்ஸில் உடைகிறது. பி=ரிஜெக்ட் என்று எழுதி வைத்திருப்பதால், நீங்கள் சொன்னதையே எதிர் சர்வர் செய்கிறது.

நீளமான மெயிலில் மட்டும் உடைவதற்குக் காரணம் அநேகமாக வரி நீளம். மெயிலில் ஒரு வரி 998 பைட்டைத் தாண்டக்கூடாது என்பது ஆர்எஃப்சி 5322-இல் உள்ள வரம்பு. டெம்ப்ளேட் எஞ்சின் எச்டிஎம்எல்லில் உள்ள வரி முறிவுகளை எல்லாம் நீக்கி, இன்வாய்ஸ் அட்டவணை முழுவதையும் ஒரே வரியாகக் கொடுத்தால் இந்த வரம்பு சுலபமாகத் தாண்டிவிடும். தமிழில் இன்னும் சீக்கிரம் தாண்டும். யுடிஎஃப்-8-இல் ஆங்கில எழுத்து ஒரு பைட். 'க' மூன்று பைட், 'கொ' ஆறு பைட், 'ட்' ஆறு பைட். டேக்குகளே இல்லாத வெறும் தமிழ் உரைகூட ஏறத்தாழ 200 எழுத்தில் வரம்பைத் தொட்டுவிடும். 'டெஸ்ட்' மெயில் பாஸ் ஆனதில் வியப்பில்லை.

வரிசையைக் கவனியுங்கள். ஓப்பன்டிகிம் மில்டராக (போஸ்ட்ஃபிக்ஸ் உள்ளே வரும் மெயிலைக் காட்டும் துணை நிரலாக) இருப்பதால் மெயில் போஸ்ட்ஃபிக்ஸுக்குள் நுழையும்போதே கையொப்பம் போட்டுவிடுகிறது. நீள வரி அப்போது முழுதாக இருக்கிறது. பிறகு வெளியே அனுப்பும் எஸ்எம்டிபி கிளையன்ட், எஸ்எம்டிபி_லைன்_லெங்த்_லிமிட் என்ற வரம்பைப் பார்த்து, அந்த வரியை நடுவில் வெட்டி, ஒரு புதுவரியும் ஒரு இடைவெளியும் சேர்க்கிறது. கையொப்பமிட்ட உடலும் போய்ச் சேர்ந்த உடலும் இப்போது வேறு வேறு. கையொப்பத்துக்காக உரையை ஒழுங்குபடுத்தும் கெனானிக்கலைசேஷனை 'ரிலாக்ஸ்டு' என்று வைத்தாலும் காப்பாற்றாது. அது ஒரு வரிக்குள் உள்ள இடைவெளிகளைத்தான் பொறுத்துக்கொள்ளும், புதிதாக முளைத்த வரி முறிவை அல்ல. வெட்டு விழும் இடம் ஒரு தமிழ் எழுத்தின் மூன்று பைட்டுக்கு நடுவில் அமைந்தால், அந்த எழுத்து கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ தெரியும். வாடிக்கையாளர் யாராவது 'இன்வாய்ஸில் ஒரு எழுத்து உடைந்திருக்கிறது' என்று சொல்லியிருந்தால் அது இதுதான்.

உறுதிசெய்ய: உங்கள் கையில் உள்ள ஒரு சோதனைப் பெட்டிக்கு, டிமார்க்கைத் தற்காலிகமாக பி=நன் (தோற்றாலும் தடுக்காதே) ஆக்கிவிட்டு, நீளமான இன்வாய்ஸ் ஒன்றை அனுப்புங்கள். டிஎன்எஸ்ஸில் டிடிஎல் (பழைய பதிவு மற்ற சர்வர்களின் நினைவில் இருக்கும் நேரம்) 3600 நொடி என்றால் ஒரு மணி நேரம் காத்திருங்கள். வந்த மெயிலின் ஆத்தென்டிகேஷன்-ரிசல்ட்ஸ் ஹெடரில் டிகிம் ஏன் தோற்றது என்று இருக்கும். 'பாடி ஹாஷ்' (மெயில் உடலின் கைரேகை மாதிரியான எண்) பொருந்தவில்லை என்றால் கையொப்பத்துக்குப் பின் உடல் மாறியிருக்கிறது. பாடி ஹாஷ் சரி, கையொப்பம் மட்டும் பொய் என்றால் ஹெடர் ஏதோ மாறியிருக்கிறது, அல்லது டிஎன்எஸ்ஸில் உள்ள பொதுக் கீ உங்கள் தனிக் கீயின் ஜோடி இல்லை. கீயே கிடைக்கவில்லை என்றால் செலக்டர் (டிஎன்எஸ்ஸில் கீ இருக்கும் இடத்தைக் காட்டுவது) பெயரைச் சரிபாருங்கள். 2048 பிட் கீ ஒரு டிஎக்ஸ்டி துண்டின் 255 எழுத்து வரம்புக்குள் அடங்காது, இரண்டு துண்டாகப் பிரித்து எழுத வேண்டும். சில பேனல்களில் ஒட்டும்போது பாதி வெட்டுப்பட்டுவிடும்.

வரி நீளத்தை அளக்கும்போது ஒரு பொறி உண்டு. ஆக் கட்டளையில் 'லெங்த் 998-க்கு மேல்' என்று தேடினால், யுடிஎஃப்-8 லோக்கேலில் அது எழுத்துகளை எண்ணும், பைட்டை அல்ல. எல்சி_ஆல்=சி என்று முன்னால் போட்டு ஓட்டுங்கள்.

சரிசெய்வது ஆப்பில்தான். உடலை அனுப்பும் முன்பே பேஸ்64-ஆக (எல்லா பைட்டையும் சாதாரண ஆங்கில எழுத்துகளாக எழுதும் முறை) என்கோடு செய்யுங்கள். கோடட்-பிரின்டபிள் என்ற இன்னொரு முறையும் செல்லும். ஆனால் தமிழுக்கு அது வீண் பாரம்: ஒரு 'க' ஒன்பது எழுத்தாக வீங்கும், பேஸ்64-இல் நான்கு எழுத்துதான். இரண்டிலும் ஒரு வரி 76 எழுத்துக்குமேல் போகாது, வெட்டுவதற்கு எதுவும் இருக்காது. பிஎச்பிமெயிலர் என்றால் என்கோடிங் பேஸ்64, சார்செட் யுடிஎஃப்-8. பைத்தானின் ஈமெயில்மெசேஜ் என்றால் செட்_கன்டென்ட்டில் சிடிஇ-க்கு பேஸ்64. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. எதிர் சர்வருக்கு 8பிட்மைம் (என்கோடு செய்யாத யுடிஎஃப்-8 உடலை ஏற்கும் வசதி) தெரியாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் வழியிலேயே உடலை கோடட்-பிரின்டபிளாக மாற்றும், கையொப்பம் அப்போதும் உடையும். முன்பே என்கோடு செய்தால் இந்தத் தொல்லையும் கிடையாது.

தமிழ் சப்ஜெக்டையும் பாருங்கள். பச்சையான யுடிஎஃப்-8-ஐ ஹெடரில் அப்படியே தள்ளாமல் ஆர்எஃப்சி 2047 முறைப்படி என்கோடு செய்ய வேண்டும். ஒரு துண்டு 75 எழுத்துக்கு மேல் போகக்கூடாது, ஒரு எழுத்தின் பைட்டுகள் இரண்டு துண்டுகளில் பிரியவும் கூடாது. கையால் எழுதிய நிரலில் இந்த இரண்டாவது விதிதான் அடிக்கடி மீறப்படுகிறது. லைப்ரரியிடம் விட்டுவிடுங்கள்.

சாளரம்:

படிவ மெயில் பற்றி: ஃப்ரம் வரியில் படிவத்தை நிரப்பியவரின் முகவரியை வைக்கிறீர்கள், சரியா? அப்படியென்றால் உங்கள் சர்வர் அவருடைய டொமைன் பெயரில் பேசுகிறது. அந்த டொமைனின் எஸ்பிஎஃப்பில் உங்கள் ஐபி இல்லை. எந்த டொமைன்களுக்குக் கையொப்பமிடுவது என்று சொல்லும் ஓப்பன்டிகிம்மின் சைனிங்டேபிளில் அந்த டொமைன் இல்லாததால் கையொப்பமும் விழாது. அவர்கள் டிமார்க்கில் ரிஜெக்ட் வைத்திருந்தால் மெயில் திரும்புவதுதான் நியாயம். ஃப்ரம்மில் உங்கள் டொமைன் முகவரி, ரிப்ளை-டூவில் நிரப்பியவரின் முகவரி. பதில் எழுதுபவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. நிரப்பியவர் கொடுத்ததை ஹெடரில் சேர்க்கும் முன் அதில் வரி முறிவு இல்லை என்று சோதியுங்கள். இல்லையென்றால் ஸ்பேம் அனுப்புபவர்கள் அதே படிவத்தின் வழியாகக் கூடுதல் ஹெடர்களை நுழைத்து, உங்கள் ஐபியிலிருந்தே உலகத்துக்கு மெயில் அனுப்புவார்கள்.

எல்லாவற்றையும் மறுக்கும் அந்த ஒரு சர்வரின் மறுப்பு வரியை முழுதாகப் போட முடியுமா? கோடு மட்டும் போதாது.

பின்னிரவு:

ஃப்ரம் நீங்கள் சொன்னபடிதான் இருந்தது, மாற்றிவிட்டேன். அந்த சர்வரின் வரி இது: 554 5.7.1 சர்வீஸ் அன்அவெய்லபிள், கிளையன்ட் ஹோஸ்ட் [203.0.113.25] பிளாக்டு யூசிங், அடுத்து ஸ்பாம்ஹாஸ் என்ற அமைப்பின் ஜென் என்ற பிளாக்லிஸ்ட்டின் பெயர், எரர்: ஓப்பன் ரிசால்வர், ஒரு லிங்க். ஆனால் ஸ்பாம்ஹாஸ் தளத்தில் என் ஐபியைத் தேடினால் பட்டியலில் இல்லை என்கிறது.

சாளரம்:

பட்டியலில் இல்லைதான். தவறு உங்கள் பக்கம் இல்லை.

அந்த வரியில் 'எரர்: ஓப்பன் ரிசால்வர்' என்று இருக்கிறதே, அதுதான் சாவி. பிளாக்லிஸ்ட்டைக் கேட்பது ஒரு டிஎன்எஸ் கேள்வி. ஐபியைத் திருப்பி எழுதி, 25.113.0.203 என்பதன் பின்னால் லிஸ்ட்டின் பெயரைச் சேர்த்துக் கேட்பார்கள். பட்டியலில் இல்லாவிட்டால் பதிலே வராது. இருந்தால் 127.0.0.2 முதல் 127.0.0.11 வரைக்குள் ஒரு எண் வரும். கடைசி எண் 4 என்றால் வைரஸ் தொற்றிய கணினி, 10, 11 என்றால் நேரடியாக மெயில் அனுப்பக்கூடாத ஐபி வரம்பு. ஆனால் கேள்வி ஒரு பொது ரிசால்வர் (யாரும் பயன்படுத்தக்கூடிய டிஎன்எஸ் சர்வர்) வழியாகப் போனால் ஸ்பாம்ஹாஸ் 127.255.255.254 என்று திருப்பித் தரும். 'இந்த வழியாகக் கேட்காதே' என்பது மட்டுமே அதன் பொருள். எதிர் சர்வரில் 'ஏதாவது பதில் வந்தாலே தடு' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால் அந்தப் பிழைச் செய்தியையே குற்றப்பட்டியல் என்று எடுத்துக்கொண்டு, வருகிற எல்லோரையும் மறுக்கிறது. உங்களுக்கு மட்டும் நடப்பதாக இருக்காது.

அவர்கள் செய்ய வேண்டியது இரண்டு. மெயில் சர்வரிலேயே அன்பவுண்டு மாதிரி சொந்த ரிசால்வர் ஒன்றை வைத்து, பொது ரிசால்வருக்கு ஃபார்வர்டு செய்யாமல் நேரடியாகக் கேட்க விடுவது. ரிஜெக்ட்_ஆர்பிஎல்_கிளையன்ட் வரியில் லிஸ்ட் பெயரின் பின்னால் =127.0.0.[2..11] என்று சேர்த்து, அந்த எண்களுக்கு மட்டும் தடுக்கச் சொல்வது. அப்படியே பழைய லிஸ்ட்டுகள் ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். சோர்ப்ஸ் என்ற லிஸ்ட் 2024 ஜூனிலேயே மூடப்பட்டுவிட்டது, இன்னும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் சர்வர்கள் உண்டு.

அவர்களின் போஸ்ட்மாஸ்டர் முகவரிக்கு எழுதுங்கள். ஆர்எஃப்சி 5321-இன்படி அந்த முகவரி இயங்கியாக வேண்டும். உங்கள் சர்வர் மறுக்கப்படுவதால் வேறு ஒரு மெயில் கணக்கிலிருந்து எழுதுங்கள். நேரம், டைம்ஸோனுடன், உங்கள் ஐபி, அனுப்புநர், பெறுநர் முகவரிகள், மறுப்பு வரி, ஒரு எழுத்து விடாமல். 'எங்கள் மெயில் வரவில்லை, பாருங்கள்' என்று மட்டும் எழுதினால் அவர்களால் லாகில் எதையும் தேட முடியாது.

மூன்றாம்வரி:

இவ்வளவு சிரமம் எதற்கு, நமக்காக மெயில் அனுப்பித் தரும் ஒரு ரிலே சேவைக்கு மாறிவிடலாமே? நாளுக்கு 400 மெயில்தானே.

தறி:

மாறலாம். ஆனால் இங்கே பேசியதில் ஐபிவி6-உம் பிடிஆரும் மட்டும்தான் அதனால் தீரும். படிவத்தின் ஃப்ரம் தவறு அப்படியே இருக்கும். ரிட்டர்ன்-பாத் ரிலே சேவையின் டொமைனுக்கு மாறிவிடும், உங்கள் துணை டொமைனை அவர்களிடம் சிநேம் (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குச் சுட்டும் பதிவு) மூலம் இணைக்காவிட்டால் டிமார்க் மறுபடி டிகிம் ஒன்றையே நம்பி நிற்கும். இருக்கிற எஸ்பிஎஃப் ரெக்கார்டுக்குப் பக்கத்தில் புதிதாக இன்னொன்று போட்டுவிடாதீர்கள். ஒரு டொமைனுக்கு இரண்டு எஸ்பிஎஃப் என்றால் பெர்ம்எரர், இரண்டும் செல்லாது. பிறரின் எஸ்பிஎஃப் பட்டியலைச் சேர்க்கும் இன்க்ளூடுகள் கூடிக்கொண்டே போய் டிஎன்எஸ் தேடல் பத்தைத் தாண்டினாலும் அதே கதி.

பின்னிரவு:

பேஸ்64 போட்டாச்சு, '-எஃப்' சேர்த்தாச்சு. 60 வரி கொண்ட இன்வாய்ஸிலும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் பாஸ். அந்த நிறுவனத்துக்கும் எழுதியிருக்கிறேன். கடைசியாக ஒன்று: டிமார்க்கை எப்போது திரும்ப ரிஜெக்ட் ஆக்குவது? 2024 பிப்ரவரி விதிகளின்படி அது கட்டாயமா?

நேர்கோடு:

கட்டாயம் இல்லை. ஜிமெயிலும் யாஹூவும் 2024 பிப்ரவரியில் கொண்டுவந்த விதிகளில் டிமார்க் தேவைப்படுவது மொத்தமாக அனுப்புபவர்களுக்கு. ஜிமெயிலில் அந்த எல்லை நாளுக்கு 5000. அவர்களுக்கும் பி=நன் போதும். உங்கள் அளவுக்கு எஸ்பிஎஃப் அல்லது டிகிம், சரியான பிடிஆர், டிஎல்எஸ் (மறையாக்கிய இணைப்பு), ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்துக்குக் கீழ், இவைதான் அடிப்படை.

ஆனாலும் உங்கள் பெயரில் வேறு யாரும் இன்வாய்ஸ் அனுப்பக்கூடாது என்றால் ரிஜெக்ட் வேண்டும். இப்போது பி=நன் இருக்கட்டும், டிமார்க் ரெக்கார்டில் அறிக்கை வர வேண்டிய இடமான ஆர்யூஏ-வில் ஒரு முகவரி கொடுங்கள். தினமும் எக்ஸ்எம்எல் அறிக்கைகள் வரும். அதில் உங்கள் ஐபி உள்ள வரிகளில் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டும் பாஸ் என்று குறைந்தது இரண்டு வாரம், மாதக் கடைசி பில்லிங் ஓட்டம் ஒன்றையும் சேர்த்து, தொடர்ந்து வர வேண்டும். யாரும் நினைவில் வைத்திராத பேக்கப் ஸ்கிரிப்ட், அக்கவுன்டிங் மென்பொருள் எல்லாம் அந்த அறிக்கையில்தான் தலைகாட்டும். அதன்பின் குவாரன்டைன் (தோற்றால் ஸ்பேமில் போடு), இன்னும் இரண்டு வாரம் கழித்து ரிஜெக்ட். எஸ்பிஎஃப் மட்டும் தோற்று டிகிம் பாஸ் ஆன வரிகள் சில தென்பட்டால் கவலை வேண்டாம், யாரோ தங்கள் மெயிலை வேறு முகவரிக்கு ஃபார்வர்டு செய்து வைத்திருக்கிறார்கள்.